கே 1-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது: ஆராய்ச்சி உலை மாடல் 'வேலிடேட்' ஆனது என்று எழுதலாமா?

காலாப்பட்டு_பிசிக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். எம்எஸ்சி ப்ராஜெக்டுக்காக, நியூட்ரான்களின் போக்கைக் கணக்கிடும் ஓப்பன்எம்சி ப்ரோக்ராமில் ஒரு ஆராய்ச்சி அணு உலையின் கோர் (எரிபொருள் இருக்கும் நடுப்பகுதி) மாடல் செய்திருக்கிறேன். ஸ்லோவேனியாவில் லியுப்லியானா பக்கத்தில் இருக்கும் டிரைகா மார்க் 2, 250 கிலோவாட். 1966-இல் ஓட ஆரம்பித்தது. 1991-இல் புதுப்பித்தபோது புது எரிபொருளைப் போட்டு, கிரிட்டிக்கல் ஆன நிலையை, அதாவது தொடர்வினை கூடாமல் குறையாமல் தானே ஓடும் நிலையை, அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவீடு சர்வதேச கிரிட்டிக்காலிட்டி பென்ச்மார்க் கையேட்டில் இருக்கிறது. வடிவம், எடை, கலவை எல்லாம் அதில் கிடைத்ததால் இந்த உலையை எடுத்தேன்.

எரிபொருள் யுரேனியம்-ஜிர்கோனியம் ஹைட்ரைடு, யுரேனியம்-235 செறிவு 20 சதவீதம். சுற்றிலும் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்பும் கிராஃபைட் ரிஃப்ளெக்டர், அதற்கு வெளியே தண்ணீர். லேப்டாப்பில் ராத்திரி ஓடவிட்டு காலையில் பார்த்தால் கே-எஃபெக்டிவ் (ஒரு தலைமுறை நியூட்ரானுக்கு அடுத்த தலைமுறையில் எத்தனை என்ற விகிதம், கிரிட்டிக்கல் என்றால் 1) பென்ச்மார்க் எண்ணிலிருந்து 300 பிசிஎம்-க்குள் நிற்கிறது. புள்ளியியல் எரர் பார் 10 பிசிஎம் மட்டுமே. கைடு "வேலிடேட் ஆயிடுச்சு, எழுதி பைண்டிங்குக்குக் குடு" என்கிறார். வைவாவுக்கு வெளியிலிருந்து வருபவர் "எதை வைத்து வேலிடேட் ஆச்சுன்னு சொல்றே?" என்று கேட்டால் என்ன சொல்வது? கே சரியாக வந்தால் போதாதா?

சிப்காட்_ஷிப்டு

தம்பி, பிசிஎம்னா லட்சத்துல ஒண்ணு தானே? அப்போ 300-ன்னா 0.3 சதவீதம். எங்க பிளான்ட்ல ஹீட் எக்ஸ்சேஞ்சர் கணக்கு பத்து சதவீதத்துக்குள்ள வந்தாலே டீ, வடை வாங்கிக் குடுத்துக் கொண்டாடுவோம். 0.3-க்கு ஒரு இழையா?

லாஸ்பேட்டை_ஓய்வு

ஷிப்டு சார், உலைக்காரன் சதவீதத்தில் பார்க்கமாட்டான், டாலரில் பார்ப்பான். ஒரு டாலர் என்றால் பிளவுக்குப் பிறகு சற்றுத் தாமதித்து வரும் நியூட்ரான்களின் பங்கு. யுரேனியம்-235-க்கு அது சுமார் 650 பிசிஎம். அந்தப் பங்குக்குள் இருக்கும்வரை உலை மெதுவாக ஏறும் இறங்கும், நியூட்ரானை விழுங்கும் கன்ட்ரோல் ராடால் பிடிக்கலாம். தாண்டினால் தாமத நியூட்ரான்களுக்காகக் காத்திருக்காமலே பெருகும். (டிரைகா எரிபொருள் சூடேறியதும் தானாக அடங்கும் குணமுள்ளது. அதனால் அதில் வேண்டுமென்றே டாலரைத் தாண்டி 'பல்ஸ்' கொடுப்பார்கள். அது வேறு கதை.) ஆக, தம்பியின் 300 கிட்டத்தட்ட அரை டாலர்.

இதையே யுரேனியம்-233 உலையில் வைத்துப் பாருங்கள். அதன் தாமத நியூட்ரான் பங்கு 260 பிசிஎம் அளவுதான். அங்கே 300 என்பது ஒரு டாலருக்கும் மேல். நம் கல்பாக்கத்து காமினி அந்த வகை. 30 கிலோவாட் உலை, யுரேனியம்-233 மொத்தமே 600 கிராம் அளவு, பெரிலியம் ஆக்சைடு ரிஃப்ளெக்டர். 1996 அக்டோபரில் கிரிட்டிக்கல் ஆனது. காமினிக்காகக் கணக்குப் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. 1990-இலேயே டிராம்பேயில் பூர்ணிமா-3 என்ற பெயரில் அதன் மாதிரிக் கோரை அடுக்கி அளந்து பார்த்தார்கள். வேலிடேஷன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். (பொதுவெளியில் வந்ததை மட்டுமே சொல்கிறேன். யாரும் உள்விவரம் கேட்க வேண்டாம்.)

மாடலில் 300 தப்பு என்றால் உலைக்கு ஏதோ ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. எத்தனையாவது எரிபொருள் கோலில் கிரிட்டிக்கல் ஆகும், ராடுகளை இறக்கியபின் எவ்வளவு மார்ஜின் மிச்சம் இருக்கும் என்று நீ சொல்லும் பதில்கள் அத்தனையும் அந்த அளவுக்கு நகரும்.

மஞ்சக்குப்பம்_டெஸ்டர்

நான் மென்பொருள் டெஸ்டிங்கில் இருப்பவள், உலை தெரியாது. ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். ப்ரோக்ராம் தனக்குக் கொடுத்த சமன்பாட்டைச் சரியாகத் தீர்க்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தச் சமன்பாடும் உள்ளீடும் நிஜ உலையைக் காட்டுகின்றனவா என்பது இன்னொன்று, வேலிடேஷன் என்றால் அதுதான். தம்பி இரண்டில் எதைச் செய்திருக்கிறார்? எங்கள் டீமில் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

காலாப்பட்டு_பிசிக்ஸ்

அக்கா, இரண்டும் செய்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். சீனியர் ஒருவர் இதே உலையை எம்சிஎன்பி-யில் ஓட்டியிருக்கிறார். அவர் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் வித்தியாசம் 30 பிசிஎம் கூட இல்லை. இரண்டு தனித்தனி ப்ரோக்ராம்கள் ஒரே பதிலைச் சொன்னால் அது சாட்சி ஆகாதா?

லாஸ்பேட்டை_ஓய்வு

இரண்டு பேரும் எந்த அணுத்தரவு நூலகத்தைப் படித்தீர்கள்?

காலாப்பட்டு_பிசிக்ஸ்

இரண்டுமே அமெரிக்க நூலகம்தான் சார், எண்டிஎஃப்-பி 8.0. 2018-இல் வந்தது.

லாஸ்பேட்டை_ஓய்வு

அப்படியானால் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் படித்து ஒரே பதில் எழுதியிருக்கிறீர்கள். நியூட்ரான் மோதும் வாய்ப்பு, பிளக்கும் வாய்ப்பு, விழுங்கப்படும் வாய்ப்பு எல்லாம் அந்த நூலகத்தின் எண்கள். ஜப்பான்காரரின் ஜெண்டில்-5, ஐரோப்பியரின் ஜெஃப் 3.3 இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதே மாடலை அவற்றோடு ஓட்டிப் பார். நூலகத்தை மாற்றினாலே கே நகர்வதைப் பார்ப்பாய். அணுத்தரவின் ஐயப்பாடு மட்டுமே இந்த மாதிரி கோரில் சில நூறு பிசிஎம் வரும். உன் 10 பிசிஎம் எரர் பாரில் அது சேரவே இல்லை. அந்த 10 சொல்வதெல்லாம் "இன்னும் நிறைய நியூட்ரான் விட்டாலும் இந்த மாடல் இதே பதிலைத்தான் தரும்" என்பதை மட்டும்.

எம்சிஎன்பி-யோடு ஒப்பிட்டது வீண் என்று சொல்லவில்லை. டெஸ்டர் அம்மா சொன்ன முதல் கேள்விக்கு அது நல்ல பதில். வடிவத்தை ஒழுங்காக வரைந்திருக்கிறாய், கலவையைத் தப்பாகத் தட்டவில்லை என்று தெரிகிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதே.

பென்ச்மார்க் எண்ணின் சொந்த ஐயப்பாடு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்தாயா?

காலாப்பட்டு_பிசிக்ஸ்

சுமார் 560 பிசிஎம் என்று போட்டிருக்கிறது சார். உலை கிரிட்டிக்கலாக நின்றது நிச்சயம். ஆனால் யுரேனியத்தின் நிறை, செறிவு, ஹைட்ரஜன்-ஜிர்கோனியம் விகிதம் இதெல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது என்பதால்.

சிப்காட்_ஷிப்டு

இருங்க இருங்க. அளந்தவனே முன்னே பின்னே 560 இருக்கலாம்ங்கறான். இவன் 300-ல நிக்கறான். அப்போ பாஸ் தானே?

லாஸ்பேட்டை_ஓய்வு

முரண்படவில்லை என்று சொல்லலாம். எழுத வேண்டிய வாக்கியம் அதுதான்: "பென்ச்மார்க்கின் ஐயப்பாட்டு வரம்புக்குள் ஒத்துப்போகிறது." 'வேலிடேட்' என்ற சொல் அதைவிட நிறையக் கேட்கும்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த இடம்.

கே என்பது கோர் முழுவதையும் பிழிந்து எடுத்த ஒற்றை எண். உள்ளே ஒரு தப்பு கூட்டும், இன்னொரு தப்பு குறைக்கும், மேலே பார்த்தால் 1.000 என்று ஜம்மென்று இருக்கும். கிராஃபைட்டில் இருக்கும் போரான் அசுத்தத்தை எடுத்துக்கொள். பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே நியூட்ரானை விழுங்கும். அதை நீ மாடலில் விட்டுவிட்டால் கே ஏறும். அதே மாடலில் ஹைட்ரஜன் விகிதத்தை 1.60-க்குக் கொஞ்சம் கீழே போட்டிருந்தால் நியூட்ரான் மெதுவாவது குறையும், கே இறங்கும். இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியான பதில். அப்புறம் ஜிர்கோனியம் ஹைட்ரைடில் கட்டுண்டிருக்கும் ஹைட்ரஜனுக்குத் தனி வெப்பச்சிதறல் தரவு உண்டு. அதைக் கொடுக்காமல் தனி ஹைட்ரஜன் மாதிரி விட்டுவிட்டால் டிரைகாவின் குணமே போய்விடும். சூடானால் அடங்கும் என்றேனே, அதற்குப் பாதிக்குமேல் காரணம் அந்தக் கட்டுண்ட ஹைட்ரஜன்தான். கொடுத்திருக்கிறாயா பார்.

எனவே ஒன்றோடொன்று ஒட்டாத அளவீடுகள் பலவற்றோடு ஒப்பிட வேண்டும். ராடு ஒவ்வொன்றும் எவ்வளவு ரியாக்டிவிட்டி (கே 1-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) பிடிக்கிறது? கோரின் நடுவில் நியூட்ரான் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு? தண்ணீரைச் சூடாக்கினால் ரியாக்டிவிட்டி எப்படி மாறுகிறது (அதுதான் வெப்பக் குணகம்)? ஒரு எரிபொருள் கோலை உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு மாற்றினால் எவ்வளவு குறைகிறது? ரிஃப்ளெக்டரில் தப்பு இருந்தால் ஓரத்துக் கோல்களில் மாட்டும். ஹைட்ரஜனில் தப்பு இருந்தால் வெப்பக் குணகத்தில் மாட்டும். கே-யில் ஒளிந்துகொண்டது இங்கே ஒளிய முடியாது.

நியூட்ரான் பரவலைப் பார்க்க எளிய வழி தங்கத் தகடு. மெல்லிய தகட்டைக் கோருக்குள் வைத்து எடுத்தால் தங்கம்-198 ஆகியிருக்கும். அரை ஆயுள் 2.7 நாள், காமா 412 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அதை எண்ணினால் அந்த இடத்து நியூட்ரான் அளவு தெரியும். பக்கத்திலேயே காட்மியம் உறை போட்ட இன்னொரு தகடு. சுமார் அரை எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே உள்ள நியூட்ரான்களைக் காட்மியம் நிறுத்திவிடும். இரண்டின் வித்தியாசம் மெதுவான நியூட்ரான், மிச்சம் வேகமானது. இப்படி இடத்துக்கு இடம் மெதுவானதும் வேகமானதும் எந்த விகிதத்தில் என்பது கையில் வந்துவிடும். உன் மாடல் அதையும் சொல்லட்டும், பார்ப்போம்.

மஞ்சக்குப்பம்_டெஸ்டர்

சார், ராடு எவ்வளவு பிடிக்கிறது என்பதை எப்படி அளப்பார்கள்? ரியாக்டிவிட்டிக்கு மீட்டர் உண்டா?

லாஸ்பேட்டை_ஓய்வு

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் அம்மா. 'ரியாக்டிவிட்டி மீட்டர்' என்று ஒரு பெட்டி உண்டு, ஆனால் அதுவும் உள்ளே கணக்குத்தான் போடுகிறது. நேராக அளக்க முடிவது நேரம் மட்டுமே. ராடைக் கொஞ்சம் தூக்கி, பவர் எத்தனை விநாடியில் இரட்டிப்பாகிறது என்று பார்ப்பார்கள். அந்த விநாடியை ரியாக்டிவிட்டியாக மாற்றத் தாமத நியூட்ரான் பங்கும் அவற்றின் சிதைவு வேகங்களும் வேண்டும். அந்தப் பங்கு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்து! சோதனை எண் என்று நாம் கும்பிடுவதற்குள்ளேயே ஒரு மாடல் உட்கார்ந்திருக்கிறது. காமினி மாதிரி பெரிலியம் இருக்கும் இடத்தில் இன்னும் ஒரு படி சிக்கல். 1.67 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலுள்ள காமா பட்டாலே பெரிலியம் நியூட்ரானை உதிர்க்கும். பிளவுப் பொருள்களின் காமா மெதுவாகத் தேய்வதால் அந்த நியூட்ரான்களும் தாமத நியூட்ரான் மாதிரியே நடந்துகொள்ளும். அதைச் சேர்க்காமல் விநாடியை மாற்றினால் எண் தவறும்.

ராடைப் பட்டென்று விழவிட்டு அளக்கும் முறையிலோ, டிடெக்டர் ராடுக்குப் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதைத் திருத்தவும் கணக்கைத்தான் கூப்பிட வேண்டும். மற்ற ராடுகள் எந்த உயரத்தில் நின்றன என்பதும் முக்கியம், ஒன்றின் நிழலில் இன்னொன்று நிற்கும். அதனால் தம்பி, அறிக்கையில் உள்ள ராடு எண்ணை எடுத்து ஒட்டாதே. எந்தத் தாமதப் பங்கை வைத்து மாற்றினார்கள் என்று தேடு. முடிந்தால் இரட்டிப்பு நேரத்தோடேயே ஒப்பிடு.

வில்லியனூர்_வாசி

படிக்கப் படிக்க பயமா இருக்கு. கணக்கும் சந்தேகம், அளந்ததும் பாதி கணக்கு. ஈசிஆர்ல ரெண்டு மணி நேரத்துல போயிடற இடத்துல உலை இருக்கு. கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி எரிபொருள் போடறாங்களா?

லாஸ்பேட்டை_ஓய்வு

இல்லை ஐயா. புதுக் கோரை நிரப்பும்போது கம்ப்யூட்டர் சொன்ன எண் வழிகாட்டி மட்டுமே. சின்ன நியூட்ரான் மூலம் ஒன்றை உள்ளே வைத்து, ஒரு தவணை எரிபொருள் போட்டு, டிடெக்டர் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். எண்ணிக்கையைத் தலைகீழாக்கி, அதாவது ஒன்றின் கீழ் வைத்து, கிராஃப் போடுவார்கள். கிரிட்டிக்கலை நெருங்க நெருங்க அந்தக் கோடு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். பூஜ்யத்தைத் தொடும் இடத்தை நீட்டிப் பார்த்தால் இன்னும் எவ்வளவு போட வேண்டும் என்று தெரியும். அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் போடக் கூடாது என்பது பொதுவான வழக்கம். 1942-இல் சிகாகோவில் முதல் உலையைக் கட்டியபோதும் இப்படித்தான் அடுக்கடுக்காக அளந்துகொண்டே போனார்கள். கணக்கு எவ்வளவு தப்பானாலும் கிராஃப் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கிராஃபையும் வேலிடேஷனுக்கு எடுத்துக்கொள்ளலாம். தம்பி, ஒவ்வொரு தவணையிலும் எண்ணிக்கை என்ன வரும் என்று உன் மாடலால் சொல்ல முடியுமா? கிரிட்டிக்கல் ஆன ஒரு புள்ளியைவிட அங்கே சேதி அதிகம்.

கெடிலம்_ஓரம்

எனக்குப் புரிந்த மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. எங்கே கடக்கும் என்பது ஒரு எண். கடந்த பிறகு நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்று கொட்டித் தீர்த்ததே, அது வேறு எண். இடம் சரியாக வந்துவிட்டது என்பதால் மழை அளவும் சரியாக வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கே என்பது கரை கடந்த இடம், நியூட்ரான் பரவலும் வெப்பக் குணகமும் மழை. சரியா சார்?

லாஸ்பேட்டை_ஓய்வு

சரி. தம்பி இதை வைவாவில் சொல்லலாம், தப்பில்லை.

சிப்காட்_ஷிப்டு

நியூட்ரான் சமாசாரம் எனக்கு எட்டாது. ஆனா தண்ணி ஓட்டம், கொதிப்பு இதெல்லாம் நம்ம ஏரியா. அதுக்கு எப்படி வேலிடேட் பண்ணுவாங்க? ரிலாப்-5னு ஒரு ப்ரோக்ராம் கேள்விப்பட்டிருக்கேன். அது பெரிய பவர் ரியாக்டருக்குன்னு எழுதினதுதானே? பெரிய உலைல 155 பார் பிரஷர். அங்க தண்ணிக்கும் நீராவிக்கும் அடர்த்தி வித்தியாசம் ஆறு மடங்குதான். திறந்த தொட்டில, ஒண்ணு ரெண்டு பார்ல, எண்ணூறு மடங்குக்கு மேல போகும். ஒரு குமிழி வந்தாலே சானல் அடைச்ச மாதிரி. உயர் பிரஷர்ல ஃபிட் பண்ண சமன்பாட்டைக் கொண்டுவந்து தொட்டி உலைல போட்டா வேலை செய்யுமா?

லாஸ்பேட்டை_ஓய்வு

ஷிப்டு சார், இந்த இழையில் வந்த சிறந்த கேள்வி இது. அப்படியே போடக் கூடாது. எந்த எல்லைக்குள் சோதித்தார்களோ அந்த எல்லைக்குள்தான் ப்ரோக்ராமுக்கு மரியாதை. அதனால் ஆராய்ச்சி உலைகளுக்கென்றே அளவீடு சேர்க்க வேண்டியிருந்தது. 2008 முதல் 2013 வரை சர்வதேச அணுசக்தி முகமை ஒரு கூட்டு முயற்சி நடத்தியது. எகிப்தின் ஈடிஆர்ஆர்-2, இந்தோனேசியாவின் ஆர்எஸ்ஜி-காஸ், ஆஸ்திரேலியாவின் ஓப்பல், பிரேசிலின் ஐஇஏ-ஆர்1 என்று பல உலைகளின் விவரமும் அளவீடும் சேர்ந்து 2015-இல் ஒரு தொகுப்பாக வந்தது. இணையத்தில் இலவசம்.

சாவ் பாவ்லோவின் ஐஇஏ-ஆர்1 உங்களுக்குப் பிடிக்கும். அதில் தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும். பம்ப் நின்றால் ஓட்டம் குறைந்து குறைந்து ஒரு கணம் நின்று, பிறகு சூட்டினால் கீழிருந்து மேலாகத் திரும்பும். அந்தத் திரும்பும் கணத்தில் எரிபொருள் தகடு எவ்வளவு சூடாகிறது என்பதுதான் கேள்வி. தகடுகளுக்குள் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் பதித்த ஒரு தனி எரிபொருள் கட்டையே செய்து உள்ளே இறக்கி அளந்தார்கள். பத்து ப்ரோக்ராம் பத்து விதமாகச் சொல்லக்கூடிய இடம் அது.

இன்னும் முரட்டு அளவீடுகளும் உண்டு. 1954 ஜூலையில் ஐடஹோவில் போராக்ஸ்-1 உலையை வேண்டுமென்றே ராடைப் பிடுங்கி வெடிக்கவிட்டார்கள். 80 மெகாஜூல் வரும் என்று எதிர்பார்த்தது, 135 வந்தது. அதன் பிறகு ஸ்பெர்ட் என்ற வரிசையில் நிதானமாக, ஏற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அளந்தார்கள். இன்றைக்கும் தகட்டு எரிபொருள் உலைகளின் திடீர் ஏற்றக் கணக்குகளுக்கு அந்த ஸ்பெர்ட் எண்கள்தான் உரைகல்.

சிப்காட்_ஷிப்டு

80-ன்னு சொல்லி 135. நம்ம பிளான்ட்ல இருந்திருந்தா மெமோ குடுத்திருப்பாங்க.

மஞ்சக்குப்பம்_டெஸ்டர்

விடை தெரிந்த பிறகு மாடலைத் தட்டிக்கொட்டிப் பொருத்திவிட மாட்டார்களா? எங்கள் துறையில் எதிர்பார்த்த விடையை முன்னாலேயே டெவலப்பர் கையில் கொடுத்தால் அந்த டெஸ்டுக்கு மதிப்பே கிடையாது.

லாஸ்பேட்டை_ஓய்வு

பொருத்துவார்கள், பல நேரம் தெரியாமலே. அதனால் நல்ல பயிற்சிகளில் முதல் சுற்றில் விடையைக் காட்டுவதில்லை. ஈபிஆர்-2 என்ற அமெரிக்க சோடிய உலையில் 1986 ஏப்ரல் 3 அன்று முழு பவரில், தானியங்கி நிறுத்தத்தை அணைத்துவைத்து, பம்புகளை நிறுத்திப் பார்த்தார்கள். உலை தானாக அடங்கியது. 2012-இல் சர்வதேச முகமை இதையே கணக்காகக் கொடுத்தது. உலையின் அமைப்பும் தொடக்க நிலையும் மட்டும் கையில். எல்லோரும் விடையை ஒப்படைத்த பிறகே அளந்த வெப்பநிலைகளைத் திறந்தார்கள். கல்பாக்கமும் அதில் கலந்துகொண்டது. கண்ணைக் கட்டிச் சொன்ன விடைக்கும், திறந்தபின் திருத்திய விடைக்கும் உள்ள தூரம்தான் எனக்கு எப்போதும் சுவையான பக்கம். திருத்தியபின் எல்லோருடைய கோடும் அழகாகவே இருக்கும்.

காலாப்பட்டு_பிசிக்ஸ்

சார், எனக்கு வைவாவுக்கு அதிக நாள் இல்லை. தங்கத் தகடு அளவீடுகளைத் தேடி ஒப்பிட நேரம் போதாது என்று கைடு சொல்லுவார். கையிலிருக்கும் மாடலை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா? வெப்பச்சிதறல் தரவு கொடுத்திருக்கிறேன், பார்த்துவிட்டேன்.

லாஸ்பேட்டை_ஓய்வு

முடியும். நூலகம் மூன்றிலும் ஓட்டு. பிறகு ஐயமுள்ள உள்ளீடுகளை ஒவ்வொன்றாக ஆட்டு: ஹைட்ரஜன் விகிதம், யுரேனிய நிறை, உறையின் தடிமன், கிராஃபைட்டின் அடர்த்தி, அதன் போரான். எது கே-யை அதிகம் இழுக்கிறது என்று ஒரு அட்டவணை. தலைப்பில் இருக்கும் 'வேலிடேஷன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பென்ச்மார்க்கோடு ஒப்பீடு' என்று போடு. கைடு மறுத்தால் அந்த 560 பிசிஎம்-ஐக் காட்டு.

காலாப்பட்டு_பிசிக்ஸ்

போரானை எவ்வளவு ஆட்டுவது? கையேட்டின் வரம்பு ரொம்பச் சின்னது. அதற்குள் மாற்றினால் கே நகர்ந்ததா, இல்லை மான்டே கார்லோ (தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும் முறை) ஆட்டமா என்று தெரியவில்லை.

லாஸ்பேட்டை_ஓய்வு

வரம்பைவிடப் பத்து மடங்கு பெரிதாக மாற்றி ஓட்டு, வந்த நகர்வைப் பத்தால் வகு. அவ்வளவு சின்ன அளவில் நேர்கோடாகத்தான் போகும். சந்தேகமிருந்தால் ஐந்து மடங்கிலும் ஒரு தடவை ஓட்டிக் கோடு நேராக இருக்கிறதா பார்த்துக்கொள். ஆரம்பச் சுற்றுகளில் நியூட்ரான் பரவல் நிலைபெறுவதற்கு முன் வந்த எண்களைச் சேர்த்துவிடாதே. ஷானன் என்ட்ரோபி கிராஃப் தட்டையாவதைப் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்கு.

காலாப்பட்டு_பிசிக்ஸ்

என்ட்ரோபி கிராஃப் இருக்கிறது சார். போரானை இன்று ராத்திரி போடுகிறேன். ஜெண்டில்-5 டவுன்லோடு ஓடிக்கொண்டிருக்கிறது, ஹாஸ்டல் வைஃபை-யில் விடிந்துவிடும் போல.